வாசல் கணக்கு

எதிரில் வந்து உட்காருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவருடைய காலைப் பார்த்துவிடுவாள் டிக்கெட்டக்கா. என்ன செருப்பு, பாதத்தில் வீக்கம் இருக்கிறதா, இரண்டு காலையும் சமமாக ஊன்றுகிறாரா, ஒன்றை மட்டும் நீட்டி வைத்துக்கொள்கிறாரா. பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "எந்த வாசல்ல இருந்து எந்த வாசலுக்கு?" என்று கேட்பாள். புதிதாக வந்தவர்கள் ஏதாவது ஒரு விமான நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள். "அது விமானம் நிக்கிற இடம். நீங்க குடியிருக்கிற வீட்டைக் கேட்டேன்" என்பாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

மருந்துக் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரே அறை. ஒரு மேசை, ஒரு கணினி, முனகிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், எதிரே இரண்டு நாற்காலிகள். இரண்டில் ஒன்று ஆடும். ஆடாத நாற்காலி வயதானவர்களுக்கும் முதல் தடவை பறக்கப் போகிறவர்களுக்கும். அடிக்கடி பறக்கிறவர்கள் ஆடுவதில்தான் உட்கார வேண்டும், அவர்கள் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் சரி. இருபத்திரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை. அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. அவளுடைய பெயர் கடை முதலாளிக்கும் அவளுடைய சம்பளச் சீட்டுக்கும்தான் தெரியும். தெரு முழுக்க அவள் டிக்கெட்டக்காதான்.

டிக்கெட் அச்சாகி வெளியே வந்ததும் கையில் கொடுத்துவிட மாட்டாள். அதைத் திருப்பிப் போட்டு, பிளேடால் கூராகச் சீவிய பென்சிலை எடுத்து, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் எழுத ஆரம்பிப்பாள். வீட்டிலிருந்து விமான நிலையம். அங்கே வரிசை. முதல் விமானம். நடுவில் காத்திருப்பு. அடுத்த விமானம். இறங்கி நடப்பது. மறுபடி வரிசை. பெட்டிக்காக நிற்பது. அங்கிருந்து வீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் மணியும் நிமிடமும். கடைசியில் ஒரு கோடு போட்டுக் கூட்டி, கூட்டுத்தொகையைச் சுற்றி ஒரு வட்டம். இதற்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் வாசல் கணக்கு.

ஒரு நாள் கழுத்தில் அலுவலக அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஆடும் நாற்காலிக்காரர். அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினார். இரண்டு விமான நிலையங்களின் பெயரை அடித்தால் போதும், நடுவில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பயண நேரம் பதினோரு மணி என்று அதுவே சொல்லிவிடுகிறது, நீங்கள் என்ன பத்தொன்பது என்று போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கி, மரியாதையாகப் படித்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்கு. இது விமானத்துக்கு ஆகிற நேரம். உங்களுக்கு ஆகிற நேரம் இல்ல."

"அப்போ மீதி எட்டு மணி நேரம் எங்கேருந்து வந்துச்சு?"

"அது எப்பவும் இருக்கிறதுதாங்க. உங்க போன் சொல்லல, அவ்வளவுதான்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து, தானாகவே வந்து, பத்தொன்பது மணி பத்து நிமிடம் ஆனதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது என்று அக்கா இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

இந்த நிமிடங்களையெல்லாம் அவள் கண்டுபிடிக்கும் விதம் தனி. போய்விட்டு வந்தவர் யாராவது அந்தப் பக்கம் மருந்து வாங்க வந்தால் தொலைந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காவல் நிலையத்தில்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள், அப்படிக் கேட்பாள். இறங்கி எவ்வளவு தூரம் நடந்தீர்கள், நகரும் படிக்கட்டு வேலை செய்ததா, முத்திரை போடும் வரிசைக்கு முன்னால் எத்தனை அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், பெட்டி எத்தனையாவது சுற்றில் வந்தது, கழிப்பறை வரிசைக்கு முன்னாலா பின்னாலா. அத்தனையும் ஒரு நீள நோட்டில் ஏறும். விமான நிலையத்துக்கு ஒரு பக்கம். "இருபத்தேழாம் கேட்: சாதாரண ஆளுக்கு இருபது நிமிஷம், முட்டி வலிக்கு முப்பத்தஞ்சு. வழியில் உட்கார பெஞ்சு இல்லை." "இங்கே பெட்டி சீக்கிரம் வரும். ஆனால் வெளியே போகிற கதவு சீக்கிரம் திறக்காது." அந்த நோட்டில் நூற்றுப் பதினான்கு விமான நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் அக்கா கண்ணால் பார்த்ததில்லை. சொந்த ஊர் விமான நிலையத்தில் கூட வழியனுப்புகிறவர்கள் நிற்கிற கண்ணாடிக் கதவைத் தாண்டியதில்லை.

ஆளைப் பொறுத்துக் கணக்கு மாறும். கணவன் மனைவி மட்டும் என்றால் ஒரு மாதிரி. இரண்டு குழந்தைகள், கூடவே மாமியார் என்றால், "ஒன்றரை மணி நேரம் கூட்டிக்குங்க. குழந்தைகளுக்கு அரை, பெரியம்மாவுக்கு ஒண்ணு" என்பாள், அந்தப் பெரியம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே. கடை முதலாளி அவளைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர், ஆனால் கொஞ்சம் பயந்த சுபாவம். பதினாறு மணி நேரம் என்று சொன்னால் உடனே வாங்குவார்கள், இருபத்தேழு என்று சொன்னால் வீட்டுக்குப் போய் யோசிக்கிறார்கள் அக்கா என்று மாதம் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிப் பார்ப்பார். "யோசிக்கட்டும்" என்பாள் அக்கா. யோசித்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவதால் அவராலும் அதற்கு மேல் பேச முடிவதில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடமாக ஒரே தடம். பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், ஒரு நாளைக்கு எட்டு நடை. சந்தையடியிலிருந்து மில் வாசல், மில் வாசலிலிருந்து சந்தையடி. அக்காவுக்குக் கை சும்மா இருக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையும் பெருக்கிப் பார்த்துவிட்டாள். "தெரியுமாங்க, நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை பூமியை முழுசா சுத்துறீங்க. இதுவரைக்கும் இருபத்தாறு சுத்து." அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இருபத்தாறு தடவை சுத்தியும் உன் சமையல்லருந்து தப்பிக்க முடியலையே" என்றார். அன்று ராத்திரி அவருக்கு அதே சமையல் கொஞ்சம் உப்புத் தூக்கலாகக் கிடைத்தது.

இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் உண்டு. பத்து வருடம் முடிகிற மாதத்தில் அக்கா தவறாமல் புதுப்பித்துவிடுவாள். ஒரு முத்திரையும் விழாமலே இரண்டும் மூன்றாவது பிறவி எடுத்துவிட்டன. ஏன் அக்கா நீங்க எங்கேயும் போறதில்ல என்று கேட்பவர்களுக்கு, "நான் போயிட்டா உங்களை யார் அனுப்புவா?" என்ற பதில் தயாராக இருக்கும். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உண்மை அதுவல்ல. வெளிநாட்டில் அவர்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு வீடு. வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. நேர்க்கோட்டில் பதின்மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். இங்கே காலை என்றால் அங்கே மாலை ஆகிக்கொண்டிருக்கும் ஊர். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்கா வாசல் கணக்கு எழுதியதில்லை. மற்ற டிக்கெட் கடைக்காரர்களைப் போலத்தான் அவளும். விமானம் கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், அவ்வளவுதான். அப்போது மாமனார் தவறிப்போனார். அண்ணன் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள். அவருக்கு டிக்கெட் போட்டது அக்காதான். அழுகைக்கு நடுவில் கடைக்கு ஓடி, கிடைத்த முதல் விமானத்தில் இடம் பிடித்து, வீட்டுக்கு வந்து கூடியிருந்த எல்லாரிடமும், "நாளைக்குப் பகல் பன்னெண்டு மணிக்கு வந்துடுவார்" என்று சொன்னாள். டிக்கெட்டில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. விமானம் தரையைத் தொடுகிற நேரம்.

மறுநாள் பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. வெயில் ஏறியது. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா பின்கட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்கு அப்போதே பட்டது, ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. இரண்டு மணிக்கு மேல் தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். மூன்று நாற்பதுக்கு அண்ணன் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கியபோது வீட்டில் அப்பா இல்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் பொறுக்க முடியவில்லையா உங்களுக்கு என்று அண்ணன் கேட்டார். பன்னிரண்டுக்கு வருகிறேன் என்றவர் மூன்றே முக்காலுக்கு வந்தால் எப்படி, வழியில் எங்கே நின்றீர்கள் என்று தம்பி கேட்டார். இரண்டு பேருமே துக்கத்தில் கேட்டார்கள், இரண்டு பேருக்குமே பதில் கிடைக்கவில்லை. அக்கா மென்று விழுங்கினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை வருவதற்குள் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கடைக்கு வந்த முதல் ஆளின் டிக்கெட்டைத் திருப்பிப் போட்டு அக்கா எழுத ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நிறுத்தவேயில்லை. அக்காவின் திறமை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களே, அது திறமை இல்லை. வெட்கம்.

ஆண்கள் பேசாவிட்டால் என்ன, பெண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்காவுக்கும் அண்ணன் மனைவிக்கும் நடுவில், அதாவது இரண்டு ஓரகத்திகளுக்கும் நடுவில், முட்டி வலி, மழை, முடி கொட்டுவது என்று போனில் ஒரு கள்ளப் போக்குவரத்து உண்டு. போன மாதம் ஒரு முற்பகலில் அந்த ஓரகத்தி கடைக்கே கூப்பிட்டாள். அண்ணனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை, நாள் குறித்தாயிற்று, இன்னும் நாலு வாரம், வியாழக்கிழமை காலை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம்.

"வேற ஒண்ணும் சொல்லல அவர். நேத்து சாப்பிட்டுக்கிட்டே, சின்னவன் இன்னும் அந்தப் பஸ்ஸைத்தான் ஓட்டுறானான்னு கேட்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷத்துல முதல் தடவை கேட்டார்."

அக்கா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்காரர் ரொம்ப நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, நல்ல டாக்டர்தானே பார்க்கிறார், சரியாகிவிடும் என்றார். நீங்கள் ஒரு தடவை போய்வந்தால் என்ன என்று அக்கா கேட்டதற்கு, அன்றைக்கு அவருக்கு வர நேரம் இல்லை, இன்றைக்கு எனக்குப் போக நேரம் இல்லை என்றார். டிப்போவில் லீவு தரமாட்டார்கள், தூரம் அதிகம், எனக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது. ஏறியதே இல்லாத ஒன்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று அக்கா கேட்கவில்லை. பிடிகொடுக்காமல் பேசுகிற ஆளிடம் அந்த மாதிரிக் கேள்வி உதவாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் வழியில் எங்கோ நின்றுவிட்டு வந்தார் என்று நம்புகிற வரைக்கும் அவர் அசைய மாட்டார். அந்த நம்பிக்கையை உடைக்க ஒரே ஆளால்தான் முடியும். அந்த ஆள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சீருடைச் சட்டைகளுக்குத் தேய்ப்புப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஆறு சட்டை, அவரே தேய்ப்பார், மற்றவர்கள் தேய்த்தால் காலர் நிற்காதாம். அக்கா சமையலறையில் உட்கார்ந்து, ஒரு தாளில் பென்சிலால் எழுதி, கோடு போட்டுக் கூட்டி, வட்டம் போட்டு, கொண்டுவந்து அவர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் மேல் வைத்தாள்.

விமானம் தரையிறங்குவது, பன்னிரண்டு. முத்திரை வரிசை, ஒரு மணி ஐந்து நிமிடம். பெட்டி, நாற்பது நிமிடம். சாலை, ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். வாசல், மூன்று நாற்பது.

அவர் குனிந்து படித்தார். "யாரு டிக்கெட் இது?"

"அத்தானோடது. பதினோரு வருஷம் முந்தி." கணவரின் அண்ணனை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். "அவர் எங்கயும் நிக்கல. நேரா வந்தார். பன்னெண்டு மணின்னு அவர் சொல்லவே இல்ல. நான்தான் சொன்னேன். விமானம் இறங்குற நேரத்தை வீட்டுக்கு வர்ற நேரம்னு சொல்லிட்டேன்."

சூடு ஏறித் துணி கருகும் வாசனை வரவும்தான் அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்தச் சட்டை போனது போனதுதான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"பயந்துட்டியா?"

"ஆமா. முதல்ல பயம். அப்புறம் நாளாயிடுச்சே, இனிமே எப்படிச் சொல்றதுன்னு."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தார். திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் பேசியபோது குரல் உயரவில்லை.

"ஆபீஸ்ல உக்காந்து எவனோ டைம் போடுறான். ஐம்பது நிமிஷம்னு போட்டுடுறான். அவன் அந்த ரோட்டையே பார்த்திருக்க மாட்டான். பஸ் லேட்டானா ஏறுறவன் எல்லாம் என்னைத்தான் திட்டுறான். டைம் போட்டவனை ஒருத்தனும் திட்டுறதில்ல. இருபத்தாறு வருஷமா வாங்கிக்கிட்டிருக்கேன்." தாளை மடித்தார். "அதையேதான் நான் அவருக்குப் பண்ணியிருக்கேன்."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கோபம் இல்லாமல் இல்லை, இருந்தது. கருகிய சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டைப் பையில் டிப்போவின் லீவுப் படிவம் இருந்தது. எத்தனை நாள் என்று எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதை அக்காதான் நிரப்பினாள். அதன் பிறகு அன்று முழுக்க அவளிடம் அவர் பேசிய பேச்சு அந்தப் படிவம் ஒன்றுதான்.

பேச்சு திரும்ப மூன்று நாள் ஆயிற்று. விசா வர ஒன்பது நாள் ஆயிற்று. நீயும் வாயேன் என்று அவர் கேட்டார். கேட்டபோது குரலில் கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது. அக்காவுக்கும் ஆசைதான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் மாட்டேன் என்றாள். "நான் வந்தா நீங்க என் பின்னாடி நிப்பீங்க. தனியாப் போனாத்தான் அவர் முன்னாடி நிப்பீங்க."

அவர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவள் மணியும் நிமிடமும் எழுதவில்லை. மணிக்கணக்கைச் சொன்னால் மலைத்துப்போவார் என்று, எல்லாவற்றையும் நடையாக மாற்றினாள். ஒரு நடை, ஐம்பது நிமிடம். முதல் விமானம், ஐந்து நடை. காத்திருப்பு, நாலு நடை. அடுத்த விமானம், பதினேழு நடை. வீட்டு வாசலிலிருந்து அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து நடை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். நாலரை நாள் டியூட்டி கூட இல்லையே என்றார், முதல் தடவையாகக் கொஞ்சம் தெம்போடு.

"பஸ்ஸுலயே போனா எவ்வளவு ஆகும்?"

"எழுநூத்தம்பத்தெட்டு நடை. லீவு போடாம ஓட்டினா தொண்ணூத்தஞ்சு நாள். நடுவுல கடல் இருக்கு, பார்த்துக்குங்க."

கிளம்புவதற்கு முதல் நாள்தான் அவருடைய உண்மையான கவலை வெளியே வந்தது. "அந்தப் பதினேழு நடையும் ஒரே டிரைவரா ஓட்டுவார்?" இல்லை, இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், உள்ளே படுக்க இடம் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அப்படியானால் சரி, ஒரே ஆளை அவ்வளவு நேரம் உட்காரவைத்தால் அது தப்பு என்றார். கவலை நிஜமாகவே பாதி குறைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் வண்டி ஏறினார். அக்கா ஓரகத்திக்குச் செய்தி அனுப்பினாள்: செவ்வாய் மாலை ஐந்தேகால், உங்கள் நேரம், உங்கள் வாசல். அனுப்புவதற்கு முன் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். வாழ்க்கையில் அந்தக் குடும்பத்துக்கு அவள் சொல்லும் இரண்டாவது நேரம் அது. இதுவும் பொய்த்தால் இன்னொன்று சொல்ல அவளுக்கு வாய் இருக்காது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்துவிட்டாள். அங்கே ஐந்தேகால் என்றால் இங்கே பதினொன்றேகால். பத்தரைக்கு ஒருவர் வந்தார், மகளைப் பார்க்க முதல் தடவை போகிற ஓய்வுபெற்ற தபால்காரர். ஆடாத நாற்காலி. அக்கா அவர் காலைப் பார்க்க மறந்துவிட்டாள். எந்த வாசல் என்றும் கேட்கவில்லை. அவர்தான், எல்லாரும் சொன்னார்களே, நீங்கள் பின்னால் ஏதோ எழுதிக் கொடுப்பீர்களாமே என்று ஞாபகப்படுத்தினார். எழுதினாள். நான்கையும் மூன்றையும் கூட்டி எட்டு என்று போட்டாள். அழித்தாள். மறுபடி எட்டு என்றே போட்டாள். பதினொன்றேகால் ஆனது. பதினொன்று இருபது. முதலாளி உள்ளே வந்து ஏதோ கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான். இன்றைக்கு அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

பதினொன்று இருபத்தொன்பதுக்குப் போன் அடித்தது.

"வந்துட்டேன்" என்றார் வீட்டுக்காரர். "அஞ்சு பத்துக்கே வந்துட்டேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"இவ்வளவு நேரம் ஏன் கூப்பிடல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "முதல்ல ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. அதான்." மூக்கை இன்னொரு தடவை உறிஞ்சிக்கொண்டார். "அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், நீ சொன்னதைத் தவிர. அதை நீயே சொல்லு. இந்தா, தர்றேன்."

போன் கைமாறியது. ஒரு இருமல். பிறகு, பதினோரு வருடத்தில் கொஞ்சம் மெலிந்துபோன, ஆனாலும் தப்பாமல் தெரிந்த அந்தக் குரல், "நான்தாம்மா" என்றது.

அக்கா சட்டென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்தாள். எதிரே இருந்த தபால்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் போல என்று அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாருமில்லை.

"அத்தான்," என்றாள் அக்கா. "அன்னிக்குப் பன்னெண்டு மணின்னு வீட்டுல சொன்னது நான். உங்க தம்பி மேல தப்பு இல்ல. உங்க மேலயும் தப்பு இல்ல. நான்தான் தப்பா சொன்னேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"நின்னுக்கிட்டா பேசுற?" என்று கேட்டது குரல். "முதல்ல உக்காரும்மா."

அக்கா பின்னால் கையை நீட்டித் துழாவினாள். நாற்காலி எட்டவில்லை. தபால்காரர் மேசையைச் சுற்றி வந்து அதை அவளுக்குப் பின்னால் நகர்த்திக் கொடுத்தார்.